ஜன்னல் இடுக்கில் காற்று: சிலிக்கானா, ரப்பர் பட்டையா, ஃபோம் டேப்பா?

சுவருக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்கு திறந்து மூடும்போது அசையாது. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே உள்ளது ஒவ்வொரு முறையும் நசுங்கி விரியும். முதலாவதற்கு சீலன்ட் (ட்யூபிலிருந்து பிதுக்கி இடுக்கை அடைக்கும் பசை), இரண்டாவதற்குப் பட்டை. இதை மாற்றிச் செய்துவிட்டுப் பொருளைக் குறை சொல்பவர்களே அதிகம்.

காற்று எங்கே நுழைகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். காற்றடிக்கும் நாளில் மின்விசிறியை நிறுத்தி, திரைச்சீலையைக் கழற்றிவிட்டு, ஊதுபத்தியைச் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை எங்கே சிதறுகிறதோ அங்கேதான் ஓட்டை.

அசையாத இடுக்குக்கு எங்கள் தேர்வு நியூட்ரல் வகை சிலிக்கான். வினிகர் வாடை அடிக்கும் அசிட்டிக் வகை கண்ணாடிக்குச் சரி. சிமென்ட்டில் சரியாக ஒட்டாது, சில உலோகங்களை அரிக்கும். சிலிக்கான்மேல் பெயின்ட் நிற்காது. பெயின்ட் அடித்தே ஆகவேண்டிய உள்பக்கத்துக்கு அக்ரிலிக் சீலன்ட் வாங்கலாம், ஆனால் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகும்போது அது சுருங்கும். அகலமான இடுக்கில் விரிசல் நிச்சயம்.

பழைய சிலிக்கான்மேல் புதியது பிடிக்காது. பிளேடால் முழுக்கச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ஆழமான இடுக்கில், அதன் அகலத்தைவிடக் கால் பங்கு அதிகத் தடிமனான பாலிஎதிலீன் ஃபோம் கயிற்றைத் திணித்து, அதன்மேல் சீலன்ட் விடவேண்டும். கயிறு இல்லாவிட்டால் சீலன்ட் பின்சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். மூன்று பக்கமும் பிடிபட்டால் நீள இடமில்லாமல் கிழிந்துவிடும். 12 மி.மீ. அகலத்துக்கு 6 மி.மீ. ஆழம் போதும்.

300 மி.லி. ட்யூப், 6 மி.மீ. அகலமும் 6 மி.மீ. ஆழமும் கொண்ட இடுக்கில் சுமார் 8 மீட்டர் வரும். மூக்கை 45 டிகிரி சாய்வாக வெட்டி, இரு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரே இழுப்பில் விடுங்கள். மேற்பரப்பு ஆடை கட்டுவதற்குள், அதாவது சுமார் 10 நிமிடத்துக்குள், வழித்துச் சீராக்கி டேப்பை உரித்துவிட வேண்டும். உள்ளே ஒரு நாளைக்கு 2 முதல் 3 மி.மீ. தான் இறுகும், முழுவதும் இறுகும்வரை தொடாதீர்கள்.

ஸ்பிரே ஃபோம் பெரிய பொந்துகளுக்கு மட்டும், அதுவும் குறைவாக உப்பும் வகை. சாதாரண ஃபோம் சட்டத்தையே வளைத்துவிடும், பிறகு கதவு மூடாது. வெயில் பட்டால் பொடிந்து உதிரும் என்பதால் மேலே மூடியாக வேண்டும்.

திறந்து மூடும் கதவுக்கு வருவோம். மலிவான பஞ்சு ஃபோம் டேப் ஒட்டச் சுலபம், ஆனால் விரைவிலேயே நசுங்கிப் பழைய உருவுக்குத் திரும்பாமல் போகும். தற்காலிகத்துக்குச் சரி, அதற்குமேல் பரிந்துரைக்க மனமில்லை. இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் பட்டை இதைவிடப் பல மடங்கு உழைக்கும். ஆங்கில E எழுத்து வடிவப் பட்டை சுமார் 3 மி.மீ. இடுக்கு வரை, P எழுத்து வடிவம் 5 மி.மீ. வரை. அளவைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய களிமண் உருண்டையை வைத்துக் கதவை மூடித் திறந்து, நசுங்கிய தடிமனை அளந்துகொள்ளுங்கள். மிகத் தடித்த பட்டை ஒட்டினால் தாழ்ப்பாள் விழாது, கீல்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். ஒட்டும்போது பட்டையை இழுக்காதீர்கள். பின்னர் சுருங்கி மூலைகளில் வாய் பிளக்கும்.

நகர்த்தும் ஜன்னலுக்கு ரப்பர் உதவாது, உராய்ந்து கிழியும். அதற்குப் பிரஷ் பட்டைதான், நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு உள்ளதாக இருந்தால் காற்றை நன்றாகத் தடுக்கும். பழையதை உருவி எடுத்து, அடித்தட்டின் அகலம், மயிரின் உயரம் இரண்டையும் அளந்த பிறகே வாங்குங்கள்.

சட்டத்தின் அடியில் உள்ள சிறு துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். மழைநீர் வெளியேறும் வழி அது. மூடினால் தண்ணீர் உள்பக்கம்தான் வழியும்.