கடைசி இலக்கம்: சன்னம் நிறுக்கும் தராசோடு மூன்றரை ஆண்டுகள்

போன வாரம் கொழும்பில் நகைக் கடைகள் நிறைந்த செட்டியார் தெருவிலிருந்து தராசு திரும்பி வந்தது. பற்றரி கசிந்து உள்ளே ஸ்பிரிங் பச்சை பூத்திருந்தது. அதை மாற்றித் துடைத்துக் கொடுத்த கூலி 800 ரூபாய். அதே வாரம், காற்றுத் துப்பாக்கி சுடும் எங்கள் கழகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், "அண்ணா, நீங்கள் சன்னம் நிறுக்கிற தராசு மாதிரி நானும் ஒன்று வாங்கட்டுமா?" என்று கேட்டார். சன்னம் என்பது அந்தத் துப்பாக்கியில் போடும் சிறு ஈயக் குண்டு. "வேண்டாம்" என்றேன். "ஏன், உங்களுக்கு உதவவில்லையா?" என்றார். உதவியது என்றும் வாயில் வந்தது, உதவவில்லை என்றும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

தராசைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளங்கை அளவு. 20 கிராம் வரை தாங்கும், ஒரு மில்லிகிராம் வரை காட்டும். 2021 நவம்பரில் 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டிக்குள் 20 கிராம் படிக்கல் ஒன்றும் பிளாஸ்டிக் இடுக்கி ஒன்றும் இருந்தன. இடுக்கி மூன்றாம் நாளே உடைந்தது. தராசு உடையவில்லை. நியாயமாகப் பேசினால் அதன் மீது எனக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்றுதான்: கடைசி இலக்கம்.

இந்தப் பைத்தியத்தைத் தொடக்கி வைத்தவர் கனடாவில் இருக்கும் மச்சான். அவர் 1,000 யார் (கெஜம்) தூரம் சுடுகிறவர். 2007இல் வந்த 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கு வெற்றுக் கோதை (வெளி உறையை) வாங்கி, வெடிமருந்தைத் தானே நிறுத்து, குண்டைத் தானே பொருத்திக்கொள்வார். மருந்தை அளப்பது கிரெயின் கணக்கில். ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறரை மில்லிகிராம், கூடினாலும் குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. அவர் தூரத்துக்கு அது சரிதான். குண்டின் வேகம் நொடிக்குப் பத்தடி மாறினால் அந்தக் கடைசியில் சில அங்குலம் மேலேயோ கீழேயோ போய்விடும். வீடியோவில் அவர் தராசைக் காட்டிக் காட்டிப் பேசினார். "நீங்கள் எதையுமே நிறுப்பதில்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி ஓர் அவமானம் போல என்னில் ஒட்டிக்கொண்டது.

எங்களுடையது 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கி. மருந்தும் இல்லை, கோதும் இல்லை. காற்றின் அளவைத் துப்பாக்கிக்குள் இருக்கும் ஒழுங்கி (ரெகுலேட்டர்) பார்த்துக்கொள்கிறது. நாங்கள் தெரிவுசெய்யக் கூடியது சன்னத்தை மட்டும்தான். 4.5 மில்லிமீற்றர் என்று பொதுவாகச் சொன்னாலும் சன்னம் அடைத்து வரும் தகரப் பேணியின் மேலே 4.49, 4.50, 4.51 என்று தலையின் விட்டம் அச்சிட்டிருக்கும். எடை 0.53 கிராம். இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீற்றர் குறுக்களவுள்ள ஒரு பொட்டு. அந்தப் பொட்டைப் பார்த்துப் பார்த்து, எல்லாச் சன்னமும் ஒரே எடையாக இருந்தால் எல்லாம் ஒரே இடத்தில் போய் விழும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

துப்பாக்கி கழகத்தின் பூட்டிய அறையில் இருக்கும். வீட்டுக்கு வருவது பேணிகள் மட்டும். வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. ஒரு பேணியில் 500 சன்னம். ஒவ்வொன்றாக எடுத்து, வைத்து, காத்திருந்து, வாசித்து, 529, 530, 531 என்று எழுதிய யோகட் கிண்ணங்களில் போட வேண்டும். ஒரு பேணிக்கு இரண்டு மணித்தியாலம் போய்விடும்.

முதல் கிழமையிலேயே இலக்கம் ஆடத் தொடங்கியது. மின்விசிறி சுழன்றால் ஆடும். கதவைத் திறந்தால் ஆடும். நான் பெருமூச்சு விட்டால் ஆடும். கரையோரப் பாதையில் ரயில் போனால் கேட்கவே வேண்டாம்: சத்தம் காதுக்கு வருமுன் தராசுக்குத் தெரிந்துவிடும். 0.531 என்று நின்றது 0.534 ஆகி, 0.529 ஆகி, ரயில் தெகிவளைப் பக்கம் போன பிறகுதான் அடங்கும். அடங்கும்போது முன்பு நின்ற இடத்தில் நிற்காது. படிக்கல்லை வைத்துத் திருத்தினால் பத்து நிமிடம் ஒழுங்காக இருக்கும், பிறகு மெல்ல நழுவும். இதற்கெல்லாம் தராசைத் திட்டலாமா என்றால், திட்டக்கூடாதுதான். நான்கு பக்கமும் திறந்த தட்டில் ஒரு மில்லிகிராம் கேட்டால் அது பாவம் என்ன செய்யும்? ஆனால் இரவு பதினொரு மணிக்கு நானூற்றுச் சொச்சமாவது சன்னத்தை வைத்துவிட்டு அது 0.530க்கும் 0.533க்கும் இடையில் ஊசலாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நியாயம் நினைவுக்கு வருவதில்லை.

தராசு ஒழுங்காக வேலை செய்த காலம் ஒன்று உண்டு என்றால் நம்ப மாட்டீர்கள். 2022 மார்ச், ஏப்ரல். நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்கள். மின்விசிறி இல்லை. டீசல் இல்லாமல் வீதியில் லொறியும் இல்லை. தராசு பற்றரியில் ஓடுவது. தலையில் கட்டும் விளக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு, யன்னலை அடைத்துவிட்டு உட்கார்ந்தால் இலக்கம் கல் போல நின்றது. ஆனால் நான் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு துளி வியர்வை ஏறக்குறைய 50 மில்லிகிராம் இருக்கும். தட்டில் ஒரு துளி விழுந்தால் சன்னத்தில் பத்திலொரு பங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். நெற்றியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நிறுத்தேன். அரிசிக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றுவிட்டு வந்த மனைவி, விளக்கோடும் கட்டோடும் ஈயத்தை நிறுத்துக்கொண்டிருந்த என்னை ஒன்றும் சொல்லாமல் பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்தப் பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

2023 தொடக்கத்தில் ஒரு நாள் ஒரே சன்னத்தைப் பத்துத் தடவை நிறுத்துப் பார்த்தேன். வந்த எண்கள்: 531, 533, 530, 530, 534, 532, 531, 534, 530, 532. நான்கு மில்லிகிராம் இடைவெளி. அந்தப் பேணி முழுவதிலும் ஆகக் குறைந்ததற்கும் ஆகக் கூடியதற்கும் இடையே நான் குறித்து வைத்திருந்த வித்தியாசம் ஆறு மில்லிகிராம். அப்படியென்றால் பதினான்கு மாதமாக யோகட் கிண்ணங்களில் நான் பிரித்து வைத்தது பெரும்பாலும் மின்விசிறியின் காற்றையும் ரயிலின் அதிர்வையும்தான்.

கோபத்தில் தராசைப் பையில் போட்டுக்கொண்டு 100ஆம் இலக்க பஸ் பிடித்துப் புறக்கோட்டைக்குப் போனேன். செட்டியார் தெருவில் நகைப் பட்டறை வைத்திருக்கும் பத்தர் ஒருவரை அப்பா காலத்திலிருந்து தெரியும். என் தராசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு சன்னத்தை வாங்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தன்னுடைய முத்திரை பதித்த தராசில் வைத்து, சின்னக் கதவைச் சாத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். 0.531. எடுத்து மறுபடி வைத்தார். 0.531. மூன்றாம் தடவையும் அதுவே.

"ஐயா, என்னுடையது மட்டும் ஏன் ஆடுகிறது?"

"உங்களுடையதற்கு வீடு இல்லைத் தம்பி."

பதினைந்து சன்னத்தைச் சேர்த்து வைத்தார். ஒரு பவுணுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. "இதை நிறுத்து என்ன செய்கிறீர்கள்?" என்றார். சுடுகிறோம் என்றேன். "சுட்ட பிறகு?" இலக்குக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் நசுங்கிப் போய்க் கிடக்கும் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். பட்டறைத் தரையைக் கூட்டிய தூசியையே விடாமல் உருக்குகிற மனிதர் அவர்.

வீட்டுக்கு வந்து பலகாரக் கடையின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, பக்கத்தில் ஒரு கதவு வெட்டித் தராசுக்கு மேலே மூடினேன். அடியில் அம்மாவின் பழைய அம்மிக்கல். ஆட்டம் ஒரு மில்லிகிராமுக்குள் வந்துவிட்டது. செலவு ஒன்றுமில்லை. அன்றிரவு மச்சானிடம் பெருமையாகக் காட்டினேன். "நல்லது, இப்போது அது இலக்கில் எவ்வளவு மாற்றும்?" என்று கேட்டார். கணக்குப் போட்டோம். வாங்கும் முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு.

சன்னம் நொடிக்கு ஏறக்குறைய 170 மீற்றர் வேகத்தில் போகிறது. 10 மீற்றரைக் கடக்க 0.06 நொடி. அதற்குள் அது கீழே இறங்குவது 17 மில்லிமீற்றர். சன்னம் ஐந்து மில்லிகிராம் கூடினால், அது எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அதே காற்றுத்தான் தள்ளுகிறது என்பதால் வேகம் இருநூற்றில் ஒரு பங்கு குறையும். இறக்கம் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 0.17 மில்லிமீற்றர் கூடும். எங்கள் இலக்கில் 0.1 புள்ளி என்பது 0.25 மில்லிமீற்றர். ஆக, ஒரு பேணியில் ஆகப் பாரமானதற்கும் ஆக இலேசானதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் சேர்ந்தாலும் தசமப் புள்ளி ஒன்றைக்கூட நிரப்பாது. மச்சானின் 1,000 யாரில் பேயாக வளருகிற பிழை என்னுடைய 10 மீற்றரில் பிறக்கவே நேரமில்லை. தராசு ஒழுங்காக நிறுக்கத் தொடங்கிய அதே நாளில் அது நிறுப்பதால் பயனில்லை என்று தெரிந்துவிட்டது.

பிறகு கழகத்தில் துப்பாக்கியைப் பிடியில் இறுக்கிவைத்துச் சோதித்தோம். நிறுத்துப் பிரித்த பத்தும் பேணியிலிருந்து அப்படியே எடுத்த பத்தும் போட்ட ஓட்டைகளை மேலே மேலே வைத்துப் பார்த்தால் எது எது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அதே நிறுவனம், அதே 4.50, வேறு தொகுதி எண் (எந்தத் தடவை தயாரித்தது என்று காட்டும் எண்) கொண்ட பேணியை எடுத்துச் சுட்டதும் ஓட்டை கண்ணுக்குத் தெரிய விரிந்தது. குழலுக்குப் பிடித்த தொகுதி என்று ஒன்று இருக்கிறது. அது கிடைத்தால் பத்துப் பேணி சேர்த்து எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அந்தத் தொகுதியும் தீர்ந்துவிட்டது என்பது வேறு சோகம்.

நிறுத்ததால் ஒன்றுமே கிடைக்கவில்லையா என்றால், கிடைத்தது. ஒவ்வொன்றையும் கையால் எடுத்துப் பார்க்கிறோமே, அதில் கிடைத்தது. சன்னத்தின் பின்பக்கம் பாவாடை போல விரிந்து மெல்லியதாக இருக்கும். வரும் வழியில் அடிபட்டு அந்த ஓரம் நெளிந்திருந்தால் அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. பேணிக்கு நான்கைந்தாவது அப்படி இருக்கும். நெளிந்த சன்னத்துக்கு எடை குறையாது, தராசு அதைக் கண்டுபிடிக்காது. கண்தான் கண்டுபிடிக்கிறது. அதற்கு 6,500 ரூபாய் தேவையில்லை.

இன்னொன்று, கடற்காற்று. மூடி சரியாக இறுகாத பேணியில் சில மாதத்தில் சன்னம் சாம்பல் பூத்து, பிறகு வெள்ளைத் தூள் பிடிக்கிறது. அது ஈயத்தின் உப்பு, நஞ்சு. ஊதிவிடக்கூடாது, அந்தப் பேணியை அப்படியே கழித்துவிட வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு இறுக்கமான டப்பாவில் வைத்திருங்கள். சாப்பாட்டு மேசைக்கு ஈயம் ஆகாது, வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கிண்ணங்களைத் திரும்பச் சமையலறைக்குக் கொண்டுபோகக்கூடாது. இதை நான் கற்றது மனைவியின் குரல் உயர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்.

தம்பிக்குச் சொல்வது இதுதான். தராசு நல்ல தராசு. மூன்றரை ஆண்டு இந்த உப்புக் காற்றில் ஒரு முறைதான் படுத்தது, அதுவும் பற்றரியைக் கழற்றாமல் விட்ட என் தவறு. அம்மாவின் தோடு எத்தனை கிராம் என்று அது சொன்னதும் பத்தரின் தராசு சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. விலைக்கு மிஞ்சிய பொருள். வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு வேறொரு தொகுதிப் பேணி வாங்கிச் சுட்டுப் பாருங்கள்.

நேற்று இதைச் சொல்லி முடித்ததும் அவர், "அப்படியென்றால் உங்களுடையதை எனக்குப் பாதி விலைக்குத் தாருங்களேன்" என்றார். தரமாட்டேன் என்றேன். சனிக்கிழமை போட்டி. வெள்ளி இரவு மின்விசிறியை நிறுத்திவிட்டு, அம்மிக்கல்லின் மேல் தராசை வைத்துப் பெட்டியை மூடினேன். அறுபது சன்னம் வேண்டும், பழகுவதற்கு இருபது. முப்பத்தேழாவதை வைத்தபோது 0.531க்கும் 0.532க்கும் இடையே தயங்கியது. கல் லேசாக அதிர்ந்தது. ரயில் போகட்டும் என்று காத்திருந்தேன். 532 என்று எழுதிய கிண்ணத்தில் போட்டேன்.