ஹாட் டப்புக்கு எந்த ஒயர், எந்தக் குழாய்?

அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் வைக்கிற ஹாட் டப், அதாவது உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி, பெரும்பாலும் 240 வோல்ட், 50 ஆம்பியர் கேட்கும். அதற்கு 6 கேஜ் (ஒயரின் தடிமன் எண்; எண் குறைந்தால் ஒயர் தடிமன்) செம்பு ஒயர் என்பதில் பெரிய சண்டை இல்லை. மின்சாரம் வரும் ஒயர் (ஹாட்) இரண்டு, திரும்பும் ஒயர் (நியூட்ரல்) ஒன்று, கூடவே 10 கேஜில் ஒரு கிரவுண்ட், அதாவது எர்த் ஒயர். எந்த வகை ஒயர், எந்தக் குழாய்க்குள் என்பதில்தான் கடையில் போய் நின்று முழிக்கிறோம்.

வீட்டுக்குள் வழக்கமாகப் போடும் ரோமெக்ஸ் கேபிள் இழுக்கச் சுலபம். எல்லாம் ஒரே உறைக்குள் வந்துவிடும், வீட்டுக்குள் குழாயும் வேண்டாம். 6 கேஜ் ரோமெக்ஸ் தாங்கும் கணக்கு 55 ஆம்பியர், 50க்குப் போதும். ஆனால் சுவரைத் தாண்டினால் அதற்கு வேலை இல்லை. “குழாய்க்குள்தானே போகிறது, மழை எங்கே படப்போகிறது?” என்று கேட்பார்கள். வெளியே போகும் குழாயின் உட்புறமும் ஈரமான இடம் என்றுதான் அமெரிக்க மின்விதி சொல்கிறது. புதைத்த குழாய்க்குள் காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகத் தேங்குவது சர்வசாதாரணம்.

மண்ணில் புதைப்பதற்கென்றே செய்த யூஎஃப்-பி கேபிளைக் குழாயே இல்லாமல் 24 அங்குல ஆழத்தில் நேரடியாகப் புதைக்கலாம். செலவைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதன் கிரவுண்ட் வெற்றுச் செம்பு. ஹாட் டப்புக்கு வெளியே போகும் லைனில் உறை போட்ட கிரவுண்டைத்தான் இன்ஸ்பெக்டர்கள் எதிர்பார்ப்பார்கள். நான் இதைத் தொடமாட்டேன்.

மிச்சம் டிஎச்டபிள்யூஎன்-2 (THWN-2) என்ற வகை, தனித்தனி ஒயர்களாக. ஈரம் தாங்கும், 65 ஆம்பியர் வரை கணக்கு, கிரவுண்டுக்கும் பச்சை உறை உண்டு. குழாய் கட்டாயம், நான்கையும் சேர்த்து இழுக்க இரண்டு பேர் வேண்டும். அவ்வளவுதான் குறை. வீட்டுக்குள் ரோமெக்ஸ், வெளியே இது என்று பிரித்துக்கொண்டால் பணமும் மிச்சம், விதியும் சரி.

குழாயில் பிவிசி ஷெட்யூல் 40, 80 இரண்டும் வெளியே பார்த்தால் ஒரே தடிமன். 80க்குச் சுவர் கனம் என்பதால் உள்ளே இடம் குறைவு. முக்கால் அங்குல 40க்குள் இந்த நான்கு ஒயர்களும் விதிப்படி அடங்கும், அதே அளவு 80க்குள் அடங்காது. மண்ணிலிருந்து மேலே வருகிற, கால் இடறுகிற, புல்வெட்டி மோதுகிற இடத்திலோ 80தான் போட வேண்டும். எனவே முதலிலேயே ஒரு அங்குலம் வாங்கிவிடுங்கள். விலை வித்தியாசம் பெரிதில்லை, இழுக்கும்போது கை வலிக்காது.

கனமான இரும்புக் குழாய் பாறை நிலத்துக்கு நல்லது. பிவிசிக்கு 18 அங்குலம் தோண்ட வேண்டிய இடத்தில் இதற்கு 6 போதும். மற்ற இடங்களில் துருவும் விலையும்தான் மிச்சம். மெல்லிய உலோகக் குழாயான இஎம்டியை குளோரின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

இன்னொன்று, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிரேக்கர் உள்ள ஸ்பா பேனல் (டப்புக்கான தனி ஸ்விட்ச் பெட்டி) தண்ணீரிலிருந்து குறைந்தது 5 அடி தள்ளி, டப்பிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தை முடிவு செய்த பிறகே குழாயின் நீளத்தை அளக்கவும். பள்ளத்தை இன்ஸ்பெக்டர் பார்க்கும்வரை மூடாதீர்கள்.