குழந்தைக்குச் சமைக்க எலெக்ட்ரிக் குக்கர் வாங்கப் போகிறீர்களா? ₹8,999 கொடுத்து ஏமாந்தவள் சொல்கிறேன், கேளுங்கள்

₹8,999. எலெக்ட்ரிக் பிரஷர் குக்கருக்கு ₹7,499, அதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்கும் நேரலை வகுப்புக்கும் கூடுதல் வாரண்டிக்கும் சேர்த்து ₹1,500. வந்தது யாரோ சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திருப்பியனுப்பிய குக்கர். வகுப்பு நடக்கவே இல்லை. இப்போது போன் செய்தால் எடுப்பதும் இல்லை. கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை படியுங்கள், அவர்கள் குறிவைப்பதே நம்மைத்தான்.

கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. சமூக வலைதளத்தில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, சாயங்காலமானால் லைவில் வந்து சமையலறைச் சாமான் விற்கிறவர்கள், "அம்மாக்களுக்காக" என்று சொல்லிச் சொல்லியே விற்கிறவர்கள், அந்த வகைக் கடை. இந்த வகையில் எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். பெரியவனுக்கு நாலு வயது, சின்னவள் இப்போதுதான் நடக்கப் பழகுகிறாள். அவருக்கு ஷிப்ட் வேலை, காலையில் வீட்டில் நான் மட்டும். கேஸில் குக்கரை வைத்துவிட்டு மூணு விசிலா நாலு விசிலா என்று எண்ணிக்கொண்டே ஒருத்திக்கு டயபர் மாற்றி, ஒருத்தனுக்குப் பல் தேய்த்துவிட்டு, நடுவில் சின்னவள் தவழ்ந்துபோய் அடுப்படி வாசலில் நிற்கிறாளா என்று எட்டிப் பார்த்து, இப்படித்தான் ஒவ்வொரு நாளும். பட்டனை அழுத்தினால் தானே வேகவைத்துத் தானே நின்றுவிடும் குக்கர் என்றால் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள். ஆடம்பரத்துக்காக வாங்கவில்லை. ₹8,999 என்பது பெரியவனின் எல்கேஜி டெர்ம் பீஸில் பாதிக்கும் மேல்.

லைவில் பேசுகிற பெண்தான் நான் கூப்பிட்டபோதும் எடுத்தார். "என் வீட்லயும் ரெண்டு வாண்டுங்க இருக்குக்கா, உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா" என்று ஆரம்பித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே சின்னவள் எழுந்து அழ ஆரம்பித்துவிட்டாள். வேறு கடையாக இருந்தால் அப்புறம் கூப்பிடுங்கள் என்று வைத்திருப்பார்கள். இவர், "முதல்ல பாப்பாவைப் பாருங்கக்கா, நான் லைன்லயே இருக்கேன்" என்றார். இருந்தார். நான் அவளைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்துவிட்டு வரும்வரை வைக்காமல் இருந்தார். அந்த இடத்தில்தான் நான் முழுதாக நம்பினேன். என் பெரிய பயத்தையும் அவரிடம் சொன்னேன்: எனக்கு இந்த மெஷின் பழக்கமில்லை, பிரஷர் சமாசாரம், குழந்தைகள் காலடியிலேயே சுற்றும் வீடு, ஆவி அடித்துவிட்டால் என்ன செய்வது என்று. அதற்கு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அதுக்குத்தானக்கா கிளாஸ் வச்சிருக்கோம். பார்சல் வந்ததும் நீங்க தனியா பிரிக்கவே வேண்டாம், எனக்கு ஒரு கால் பண்ணுங்க, வீடியோல பக்கத்துல நின்னு சொல்லித்தர மாதிரி சொல்லித்தரேன். முதல்ல பருப்பு சாதம், அப்புறம் காய்கறி மசியல், அப்புறம் பாப்பாவுக்கு ராகி." பாப்பாவின் பெயரைக்கூடக் கேட்டுக்கொண்டார். போனை வைத்த கையோடு யுபிஐயில் முழுப் பணத்தையும் அனுப்பினேன். பார்சல் வந்தபின் பணம் கொடுக்கும் வசதி கிடையாதாம், "கிளாஸ் சீட் புக் பண்ணணும்ல அக்கா" என்றார்.

பார்சல் வந்தது. பெட்டியின் மேல் ஒரு டேப், அந்த டேப்பின் மேலேயே இன்னொரு டேப். அவர் சொன்னபடி பிரிக்காமல் போன் செய்தேன். எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன், நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. சாயங்காலம் வேறு யாரோ, "கிளாஸ் லிங்க் குரூப்ல இருக்கு மேடம்" என்று ஒரு வரி அனுப்பினார்கள். அந்த வாட்ஸ்அப் குரூப்பில் எங்கெங்கோ இருந்து எடுத்துப்போட்ட வீடியோக்கள். அதில் காட்டுகிற குக்கருக்கு முன்பக்கம் திருகுகிற குமிழ், எனக்கு வந்ததில் வரிசையாகப் பட்டன்கள். எதை அழுத்துவது? பெட்டிக்குள் கையேடும் இல்லை. சொல்லிக்கொடுப்பதற்கென்று தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள், அதை மறந்துவிடாதீர்கள். வெறும் பாத்திரம் விற்கிற கடை என்றால் நான் இவ்வளவு பேச மாட்டேன்.

கடைசியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது சென்னையில் இருக்கும் என் நாத்தனார், பல வருஷமாக இந்த மாதிரி குக்கரில் சமைப்பவர், அவரும் ஆபீஸ் நடுவில் போனில்தான் சொன்னார். பட்டனை அழுத்தியதும் நிமிடம் ஓடாது, உள்ளே சூடேறிப் பிரஷர் கட்டி, மூடியில் இருக்கும் சின்ன ஊசி மேலே எழும்பிய பிறகுதான் கணக்கு ஆரம்பிக்கும். அதனால் எட்டு நிமிடப் பருப்பு என்றால் எல்லாம் சேர்த்து இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், குழந்தைக்குப் பசி வந்தபிறகு வைக்கக் கூடாது. விசில் அடிக்காது, ஆவி அவ்வளவாக வெளியே போகாது, அதனால் கேஸ் குக்கரைவிடத் தண்ணீர் குறைவாக ஊற்ற வேண்டும். பருப்பு, அரிசி, கஞ்சி மாதிரி நுரைப்பதெல்லாம் பாதிப் பாத்திரம்தான், மற்றவை மூன்றில் இரண்டு பங்கு வரை. நுரை ஏறி ஆவித் துளையை அடைத்துவிட்டால் ஆபத்து. முடிந்ததும் அவசரப்பட்டு ஆவியைத் திறந்துவிட்டால் பருப்பு மஞ்சள் நுரையாகச் சீறும், ஊசி தானாகக் கீழே விழும்வரை மூடியைத் தொடக் கூடாது. ராகி மாவைக் கரைத்துப் பிரஷரில் வைக்கவே கூடாது, அடியில் இறுகிப் பிடித்துவிடும். அந்தப் பெண் மூன்றாவது பாடமாக ராகி என்று சொன்னாரே, அப்போதே தெரிந்திருக்கிறது அவர் லட்சணம், எனக்குத்தான் இப்போது புரிகிறது. ₹1,500 வகுப்பில் சொல்லியிருக்க வேண்டியது மொத்தமும் இவ்வளவுதான். பத்து நிமிடப் பேச்சு. அதைக்கூடச் செய்யவில்லை.

சரி, கற்றுக்கொண்டாயிற்று என்று பருப்பை வைத்தேன். ஊசி எழும்பவே இல்லை. மூடியின் ஓரத்தில் ஒரு பக்கமாக ஆவி புஸ்ஸென்று வந்துகொண்டே இருந்தது, மேடையில் அந்தப் பக்கம்தான் பெரியவன் முக்காலி போட்டு ஏறி வேடிக்கை பார்ப்பான், அன்றைக்கு நல்லவேளையாக டிவி முன்னால் இருந்தான். கொஞ்ச நேரத்தில் பீப் பீப் என்று கத்தி, அடிப்பிடிக்கிறது என்று எழுத்து வந்து நின்றுவிட்டது. திறந்தால் அடியில் கரி, மேலே வேகாத பருப்பு. குழந்தைகள் இரண்டும் பசியில் அழ, கேஸ் குக்கரை எடுத்து மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தேன்.

அவர்கள் தூங்கிய பிறகுதான் உட்கார்ந்து அந்த எலெக்ட்ரிக் குக்கரைப் பிரித்துப் பார்த்தேன். மூடியின் உள்பக்கம் இருக்கும் கேஸ்கட்டைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனேன். பட்டை, கிராம்பு, பூண்டு. நன்றாக ஊறிப்போன கறிக்குழம்பு வாசனை. என் வீட்டில் அந்தக் குக்கரில் வெறும் பருப்பும் மஞ்சளும் தவிர எதுவும் வேகவில்லை! சிலிக்கோன் கேஸ்கட் மசாலா வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எத்தனை கழுவினாலும் லேசில் போகாது என்று நாத்தனார் சொன்னார். அது ஒரு இடத்தில் கீறியிருந்தது, ஆவி வந்தது அந்த வழியாகத்தான். பின்னால் ஆவித் தண்ணீர் சேரும் ஒரு சின்ன டப்பா இருக்கும், அதன் அடியில் காய்ந்துபோன பழுப்புக் கறை. உள்பாத்திரத்தைத் தூக்கினால் ஹீட்டர் தட்டில் கருகிய ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. குக்கரைத் தலைகீழாகக் கவிழ்த்தால் வாட், வோல்ட் எழுதிய ஸ்டிக்கரின் ஓரம் தூக்கியிருந்தது, நகத்தால் உரித்தால் கீழே வேறொரு மாடல் எண்ணோடு இன்னொரு ஸ்டிக்கர். நம் வீட்டுக் கேஸ் குக்கரில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2347 என்ற எண்ணும் இருக்கும், பாருங்கள். இதில் எந்த முத்திரையும் இல்லை. புதுசு என்று சொல்லித்தானே ₹7,499 வாங்கினார்கள்?

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

முதலில், "தண்ணி கம்மியா வச்சிருப்பீங்க மேடம்." அளவைச் சொன்னேன். அப்புறம், "உங்க வீட்டு கரண்ட் சரியில்ல, வோல்டேஜ் செக் பண்ணுங்க." ஆயிரம் வாட் குக்கர் 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியர்கூட இழுக்காது, அதே பிளக்கில்தான் அயர்ன் பாக்ஸும் ஓடுகிறது, அதற்கு வராத கோளாறு இதற்கு மட்டும் எப்படி வரும்? அதற்குப் பதில் இல்லை. அடுத்து, "டெக்னீஷியன் கூப்பிடுவார்." யாரும் கூப்பிடவில்லை. அடுத்து, "கேஸ்கட் மட்டும் மாத்தினா போதும், ₹650 அனுப்புங்க, கொரியர் பண்றோம்." இன்னும் பணம்! வாரண்டி வாங்கியிருக்கிறேனே என்றால், "கேஸ்கட் வாரண்டில வராது." பழைய குக்கரைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று நேராகவே எழுதினேன். அதற்கு வந்த பதில்: "அன்பாக்சிங் வீடியோ இருக்கா மேடம்? வீடியோ இல்லாம கம்ப்ளெயின்ட் எடுக்க மாட்டோம்."

தனியாகப் பிரிக்காதே, என்னைக் கூப்பிடு, வீடியோவில் நான் வருகிறேன் என்று சொன்னது அவர்கள்! கூப்பிட்டபோது எடுக்காததும் அவர்கள்! அதைக் குரூப்பில் எழுதினேன், அடுத்த நிமிடம் குரூப்பில் இருந்து தூக்கிவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் கமென்ட் போட்டேன், அழித்துவிட்டு பிளாக் செய்துவிட்டார்கள். லைனிலேயே இருக்கிறேன் அக்கா என்று சொன்ன அந்தப் பெண்ணை வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டபோது எடுத்தார், என் குரல் கேட்டதும், "மேடம், நான் சேல்ஸ் மட்டும்தான், சர்வீஸ் வேற டீம்" என்று வைத்துவிட்டார். பின்னால் சின்னவள் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

ஏமாந்தது உன் தப்புதானே, கடைக்குப் போய் வாங்கியிருக்கலாமே என்று சொந்தக்காரர்கள் இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள், இங்கேயும் யாராவது சொல்வீர்கள். பழைய பொருளுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்றவனை விட்டுவிட்டு வாங்கியவளைக் கேட்காதீர்கள். இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏற முடிந்தால் நான் ஏன் போனில் வாங்கப் போகிறேன்?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன், தமிழிலேயே பேசலாம். இணையத்தில் விற்பவர்களுக்கென்று 2020-ல் விதிகள் வந்திருக்கின்றன, பொருள் பழுதாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்னது மாதிரி இல்லாவிட்டாலோ திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. "யூஸ் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது" என்பதெல்லாம் மிரட்டல். இதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. ₹8,999-க்காக அங்கேயும் போவேன்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது நேரமில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெட்டி வந்ததும் யார் என்ன சொன்னாலும் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். கேஸ்கட்டை மோந்து பாருங்கள், பின்னால் இருக்கும் டப்பாவையும் ஹீட்டர் தட்டையும் பாருங்கள், அடியில் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். முதல் தடவை வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டுங்கள், ஓரத்தில் ஆவி வந்தால் அதில் சமைக்காதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பில் இல்லாமல், ஜிஎஸ்டி எண் இல்லாமல் முழுப் பணத்தை முன்கூட்டி அனுப்பாதீர்கள். வகுப்பு, டெமோ என்று தனியாகக் காசு கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் ஓடிவிட்டவர்கள் என்றால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இன்றைக்குச் சாயங்காலமும் அவர்களுக்கு லைவ் இருக்கிறதாம், இதே குக்கர், இதே "கிளாஸ்", தோழி ஒருத்தி விளம்பரத்தை எடுத்து அனுப்பியிருக்கிறாள். உங்களுக்குத் தெரிந்த கைக்குழந்தைக்காரர்கள் யாராவது இந்த மாதிரி லைவ் பார்த்து ஆர்டர் போடுவதாக இருந்தால் இதை அவர்களுக்கு இப்போதே அனுப்பிவிடுங்கள்.