பிச்சாவரமா, தனுஷ்கோடியா?

இரண்டும் தமிழ்நாட்டுக் கடலோரம்தான், ஆனால் அனுபவம் வேறு. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் அழித்தது. கூரையில்லாத தேவாலயச் சுவர்களில் பவளக்கற்கள் இன்னும் தெரிகின்றன. அதைத் தாண்டி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை, இரு பக்கமும் கடல். நிழல் மட்டும் கேட்காதீர்கள்!

பிச்சாவரம் சிதம்பரத்துக்குப் பக்கம். துடுப்புப் படகே எடுங்கள். சுரபுன்னைக் காட்டின் குறுகலான கால்வாய்களுக்குள் அதுதான் நுழையும். சில இடங்களில் கிளைகள் தலையில் இடிக்கும், குனிந்துகொள்ள வேண்டும்.

குழந்தைகளோடு போனால் என் ஓட்டு பிச்சாவரத்துக்கே. அப்படியே நடராஜரையும் பார்த்துவிடலாம். ராமேஸ்வரம் எப்படியும் போகிறீர்கள் என்றால், சரி, தனுஷ்கோடியை விடாதீர்கள். காலையிலேயே கிளம்புங்கள்; மாலையில் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.