கத்திரி வெயிலில் நாயோடு கொடைக்கானல்: இரவு 9 மணியா, விடிகாலை 3 மணியா?

சென்னையிலிருந்து விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சுமார் 520 கி.மீ. நிறுத்தி நிறுத்திப் போனால் பத்துப் பதினோரு மணி நேரம். மே மாதத்தில் நாயை ஏற்றிக்கொண்டு காலை டிபன் முடித்துக் கிளம்புவதை அலசவே வேண்டாம். போட்டி இரண்டு நேரங்களுக்குத்தான்.

வெயிலை மட்டும் பார்த்தால் இரவு 9 மணிதான் சரி. வழியில் நாயை இறக்கினால் தார் ரோடு பாதத்தைச் சுடாது. ஆனால் 9க்குக் கிளம்பிய வண்டி திண்டுக்கல்லைத் தொடும்போது மணி நாலு. ஓட்டுபவருக்குக் கண் சொக்கும் நேரமும் மலைப்பாதை வளைவுகளும் அடுத்தடுத்து வரும். மாற்றி ஓட்ட ஆள் இருந்தால் மட்டும் இரவு.

ஒருவரே ஓட்டினால் விடிகாலை 3 மணி. ஒன்பதுக்குள் திருச்சி, பதினொன்றரைக்குள் வத்தலக்குண்டு, வெயில் உச்சிக்கு வரும்போது மலையில் பாதி. இதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: முற்பகல் வெயிலில் ஏசி போட்டு மலையேறினால் பழைய வண்டியில் எஞ்சின் சூட்டு முள் மேலே ஏறும். உடனே எல்லோரும் அணைப்பது ஏசியைத்தான். அது நாயின் உயிர்நாடி. அதனால் கிளம்பும் முன்வாரமே கூலன்ட், ரேடியேட்டர் ஃபேன், ஏசி கேஸ் மூன்றையும் பார்த்துவிடுங்கள். 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும். அதையும் முன்பே எடுத்துவிடுங்கள்.

எந்தப் பக்கம் உட்கார வைப்பது? தெற்கே போகையில் காலை வெயில் இடப்பக்கம் அடிக்கும். ஆகவே நாய்க்கு ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் இடம். சீட்டில் தொட்டில் போலக் கட்டும் விரிப்பு முடியைத் தடுக்கும். முன்பக்க ஏசி காற்றையும் தடுக்கும். நடுவில் வலை வைத்ததை வாங்கலாம், இல்லையென்றால் பழைய பெட்ஷீட் போதும். நாயை மார்புப் பட்டையில் கிளிப் போட்டுக் கட்டுங்கள், கழுத்துப் பட்டையில் வேண்டாம். சடன் பிரேக் போட்டால் கழுத்து இறுகும். டிக்கியில் ஏற்ற வேண்டாம், அங்கே ஏசி காற்று சரியாகப் போகாது.

குளிர்ச்சிக்கு ஜெல் மேட் நல்லதுதான். ஆனால் நாய் படுக்கப் படுக்க அதுவே சூடேறிவிடும், எடுத்து ஆறவைத்தால்தான் மறுபடி வேலை செய்யும். கடிக்கிற குட்டி என்றால் வேண்டவே வேண்டாம். முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி உறையவைத்த ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, மேலே பருத்தித் துண்டு: இதற்குச் செலவே இல்லை. உருகினால் குடிக்கவும் ஆகும்.

20 கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும்; கையில் மூன்று லிட்டர் வையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை 100, 150 மில்லி போதும், ஒரேயடியாகக் கொடுத்தால் கொண்டை ஊசி வளைவில் வாந்திதான். சாப்பாடு கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பே முடியட்டும்.

ஹோட்டலில் நிறுத்தினால் ஒருவர் எப்போதும் நாயோடு வெளியே நிழலில். ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கி வைத்தாலும் நிறுத்திய கார் பத்தே நிமிடத்தில் அடுப்பாகிவிடும். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். மூச்சிரைத்துத்தான் நாய் உடம்பை ஆற்றுகிறது, அவற்றுக்கு அந்த வழியே குறுகல்.

நாக்கு அகலமாகத் தொங்கி, எச்சில் கெட்டியாகி, ஈறு செங்கல் நிறமானால் வண்டியை நிறுத்தி, இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். அதன் பிறகுதான் டாக்டரிடம் ஓட்டம். விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல்லில் ஒவ்வொரு கால்நடை மருத்துவர் எண் போனில் இருக்கட்டும்.

ரயில்? முதல் வகுப்பு ஏசியில் கூப்பே (இரண்டு பேருக்கான தனி அறை) முழுவதும் உங்களுக்குக் கிடைத்தால் சுகம். சார்ட் வரும்வரை அது நிச்சயமில்லை. பிரேக் வேனில், அதாவது கார்டு இருக்கும் பெட்டியில், உள்ள நாய்க் கூண்டை இந்த மாதத்தில் நினைக்கவே வேண்டாம்.

திரும்பும்போது கொடைக்கானலில் மாலை 3 மணிக்கு இறங்கி, திருச்சியில் தங்கி, விடிகாலை 4க்குக் கிளம்புவது நல்லது. அப்போது வெயில் வலப்பக்கம். நாயை இடப்பக்கம் மாற்றிவிடுங்கள்.