கடற்கரை வீட்டில் மின்கார் சார்ஜ்: வேகத்துக்கு முன்னால் எர்த்தைப் பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம், கடற்காற்று வாசல்வரை வரும் வீடு எங்களுடையது. சில ஆண்டுகளாக மின்கார் ஓட்டுகிறேன். விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும், "எத்தனை மணி நேரத்தில் சார்ஜ் ஏறும்?" என்றுதான் கேட்கிறார்கள். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இணைப்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

கார், 30.2 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட பழைய டாடா நெக்சான். 15 ஆம்பியர் சாக்கெட்டில் இரவு சாப்பிட்டதும் செருகினால் காலையில் நிறைந்திருக்கும். ராமேஸ்வரம் போய்த் திரும்ப அது தாராளம். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜரை வாங்கச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் இந்தக் காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட்டுக்கு மேல் ஏற்காது. வெளியே பெரிய பெட்டி மாட்டிப் பயனில்லை. பெரிய பேட்டரி வைத்துக்கொண்டு அடிக்கடி மதுரைக்கு ஓடுகிறவர்களுக்கு அது வேண்டும்தான். அதற்கு 32 ஆம்பியர் தாங்கும் கம்பியும், மின் இணைப்பில் அதற்கேற்ற லோடும் (அனுமதிக்கப்பட்ட மின் அளவும்) இருக்க வேண்டும்.

எங்களுக்குத் தொல்லை தந்தது உப்புக்காற்று. கடலைப் பார்த்த சுவரில் இருந்த சாக்கெட் ஒருநாள் தொடமுடியாத அளவுக்குச் சுட்டது. எலெக்ட்ரீஷியன் கழற்றிக் காட்டினார்: பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு, திருகைச் சுற்றிக் கருகல். உடனே இடத்தை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றி, மூடியுள்ள தொழிற்சாலை வகை சாக்கெட் போட்டோம். மீட்டர் பெட்டியிலிருந்து அதற்கென்றே தனி 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் தனி எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி. அதன்பின் சூடு இல்லை.

அடுத்தது எர்த். கோடையில் மேல்மணல் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது; சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். பழைய இரும்புக் குழாயைத் தோண்டினால் பாதி துருவாக உதிர்ந்தது. எர்த் குழியில் உப்பும் கரியும் கொட்டுவது ஊர் வழக்கம். ஏற்கெனவே உவர்ப்பான மண்ணில் உப்பைச் சேர்த்தால் குழாய் இன்னும் சீக்கிரம் அரிக்கும். செம்பு பூசிய எர்த் கம்பியை ஈரம் தட்டும் ஆழம்வரை இறக்கி, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பெண்டோனைட் களிமண்ணால் நிரப்பினோம். வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டரால் மின்தடையை அளந்து காட்டச் சொல்லுங்கள். "நல்லா இருக்கு சார்" என்ற வார்த்தை மட்டும் போதாது.

கூரைச் சோலாரும் போடலாம். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். பகலில் கார் வீட்டில் நிற்பவர்களுக்கு நேரடி லாபம். பேனல்களைத் தாங்கும் சட்டங்களை மட்டும் துருப்பிடிக்காத அலுமினியத்தில் கேளுங்கள்.