கேம்பர் பஸ் செய்யக் குடுக்கிறாக்கள் கவனம், பூனை வச்சிருக்கிறாக்கள் இன்னும் கவனம்

திருகோணமலையில ஒரு கராஜ், பேர் போடேல்ல, போட்டால் நாளைக்கு வேற பிரச்சினை வரும். வேன், ரோசா பஸ் எல்லாத்தையும் படுக்கை, அடுப்பு, சோலார் எல்லாம் பூட்டி வீடாக்கித் தாறவங்க. எங்களுக்கு லிதியம் பெற்றரி எண்டு காசு வாங்கிப்போட்டு ஃபோன் டவர்ல கழட்டின பழைய ஈயப் பெற்றரியைக் கட்டிலுக்குக் கீழ வச்சு ஆணி அடிச்சு மூடித் தந்திருக்கிறாங்க. காசு போனது ஒரு பக்கம், அந்தக் கட்டிலுக்குக் கீழதான் எங்கட பூனையள் படுக்கிறது, அதாலதான் இவ்வளவு நீட்டி எழுதிறன்.

எங்கட கதை சுருக்கமா. இவருக்கு, என்ட மனிசனுக்கு, டைவிங் வேலை, மே தொடங்கி செப்டம்பர் மட்டும் நிலாவெளி, புறாமலைப் பக்கம், மழை தொடங்கினால் இந்தக் கடல் சரிவராது, ஹிக்கடுவைப் பக்கம் போகோணும். ரெண்டு இடத்திலயும் வாடகை வீடு தேடி அலுத்துப் போச்சு, வீட்டுக்காரர் எல்லாம் ஓம் ஓம் எண்டிட்டு பூனை மூண்டு எண்டு சொன்ன உடன வேற ஆள் வந்திட்டுது எண்டுவாங்க. ஆக பழைய ரோசா ஒண்டை வாங்கி அதுக்குள்ளயே இருப்பம் எண்டு முடிவெடுத்தம். வருசம் முழுக்க அதுதான் வீடு. மிளகாய், கட்டையன், பேபி எண்ட மூண்டு பூனை, நாங்கள் ரெண்டு பேர்.

கராஜ்காரர் நல்லாக் கதைப்பார். "தங்கச்சி, 200 அம்பியர் லிதியம், பத்து வருசத்துக்குத் தொடத் தேவையில்ல, திறக்கவும் வேண்டாம், திறந்தால் வாரண்டி போயிரும்" எண்டார். நீல நிறத்தில தகரப் பெட்டி, மேல பளபளப்பா ஸ்டிக்கர். பெற்றரிக்கு ஏறுற சார்ஜைக் கட்டுப்படுத்திற சோலார் கொன்ட்ரோலர் ஸ்கிரீன்லயும் லிதியம் எண்டுதான் காட்டினது. அந்தப் பெற்றரிக்கு மட்டும் வாங்கின காசுக்கு ஒரு பழைய த்ரீவீலுக்கு அட்வான்ஸ் கட்டலாம்.

கச்சான் எண்ட சூட்டுக் காத்து தொடங்கின நேரம் பஸ்ஸுக்குள்ள ஒரு மணம். கூழ்முட்டை மணம். மத்தியானத்தில கூட, ராவில குறைவு. இவர் கராஜுக்கு கோல் எடுத்தால் அவர் சிரிக்கிறார், "தம்பி, மூண்டு பூனையை ஒரு பஸ்ஸுக்குள்ள வச்சுக்கொண்டு மணக்குது எண்டால் நான் என்ன செய்யுறது, மண் தட்டை மாத்துங்க". மாத்தினம், கழுவினம், மண்ணையே வேற மண்ணாக்கினம், மணம் அப்பிடியே. கட்டையன் எண்டவன் பிறந்த நாள் தொட்டு கட்டிலுக்குக் கீழதான் கிடப்பான், அவன் எழும்பி முன்னுக்கு ஸ்டேரிங் பக்கம் போய்ப் படுக்கத் தொடங்கினான். கண்ணால தண்ணி ஓடினது. பேபியும் அந்தப் பக்கம் போறேல்ல.

பிறகு ஒரு நாள் டவுனுக்குப் போனம், உட்துறைமுக வீதிப் பக்கம் மர நிழல் பார்த்து நிப்பாட்டிட்டு பாங்குக்குள்ள போயிட்டு வந்தால் கூரை ஃபேன் நிண்டு போய்க் கிடக்கு. நிழல்ல நிண்டால் சோலார் தராது, பெற்றரிதான் இழுக்கோணும், முதல் நாள் முழுக்க நிலாவெளி வெயில்ல சார்ஜ் ஏறின பெற்றரி அது. மிளகாய் நாக்கை வெளிய போட்டு நாய் மாதிரி இளைச்சுக்கொண்டு நிக்கிறாள். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் விளையாட்டில்ல, பாதத்தால மட்டும்தான் அதுகளுக்கு வேர்க்கும், மூடின வாகனத்துக்குள்ள சூடு ஏறினால் தாங்காதுகள். துவாயை நனைச்சு வயிறு, கால், காது எல்லாம் துடைச்சு, சாதாரண தண்ணியாலதான், ஐஸ் தண்ணி கூடாது, உடன மிருக வைத்தியரிட்ட ஓடினம். தப்பீட்டாள்.

அண்டைக்குப் பின்னேரம் என்ட மச்சான் வந்தான், சோலார் பூட்டுற வேலை செய்யிறவன். கட்டில் பலகையைக் கழட்டச் சொன்னான், வாரண்டியாவது மண்ணாவது எண்டு கழட்டினம். பெட்டியைத் தூக்கப் பார்த்தான், அசையேல்ல. "அக்கா இது லிதியம் இல்ல" எண்டு அதிலயே சொல்லிப்போட்டான். 200 அம்பியர் லிதியம் 20, 25 கிலோதான் வரும், ஒரு ஆள் தூக்கலாம். மூடியைத் திறந்தால் உள்ளுக்குள்ள ஒடுக்கமா நீளமா கறுப்பா ரெண்டு பெற்றரி, ஃபோன் டவர்ல வைக்கிற சாதி, பழைய ஸ்டிக்கரைச் சுரண்டின அடையாளம், பசை இன்னும் ஒட்டுது, ரெண்டும் பக்கவாட்டில ஊதிப்போய், ஒண்டின்ட மூலையில வெள்ளைப் பொடி பூத்துக் கிடக்கு.

மணத்துக்குக் காரணமும் அதுதான். லிதியத்துக்கு 14.6 வோல்ட் வரைக்கும் ஏத்தலாம், ஈயப் பெற்றரிக்குச் சூடு கூடக்கூட சார்ஜ் வோல்ட்டைக் குறைக்கோணும். இவங்கள் ஸ்கிரீன்ல லிதியம் எண்டு காட்டோணும் எண்டதுக்காக கொன்ட்ரோலரை லிதியத்தில செட் பண்ணி விட்டிருக்கிறாங்க, கச்சான் வெயில்ல நாள் முழுக்க அந்த வோல்ட்டைக் குடுத்தால் பெற்றரி கொதிக்கும். கூழ்முட்டை மாதிரி மணக்கிறது ஹைட்ரஜன் சல்ஃபைட், நச்சு வாயு, காத்தை விடக் கொஞ்சம் பாரம், கீழதான் தங்கும். பூனையின்ட மூக்கு இருக்கிற உயரத்தில. அதோட ஹைட்ரஜனும் வரும், அது மணக்காது, காத்தில 4 வீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்குப் பத்தும். பக்கத்தில காஸ் அடுப்பு. பூனை மணம் எண்டு சிரிச்ச மனிசனுக்கு இது தெரியாமல் இருக்க ஏலாது, அவர் செய்யிற தொழிலே இது.

உங்கட வாகனத்தில இந்த மணம் வந்தால் பூனையளை முதல்ல வெளிய எடுங்க, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து விடுங்க, அடுப்பு பத்தவேண்டாம், லைட் சுவிட்சும் போடவேண்டாம், கொஞ்சம் காத்தோடினாப் பிறகு சார்ஜ் ஏறுறதை நிப்பாட்டுங்க.

காசு குடுக்க முதல் பார்க்கிறது எப்பிடி எண்டால், முதல்ல கையால தூக்கிப் பார்க்க விடச் சொல்லுங்க. தூக்க விடாமல் பூட்டித்தான் தருவம் எண்டால் அங்கயே விளங்கும். பிறகு ஒரு சாதாரண வோல்ட் மீற்றர். முழுக்க ஏத்திட்டு, சார்ஜ், லோட் எல்லாம் கழட்டி சில மணித்தியாலம் சும்மா விட்டு அளக்கோணும். 12 வோல்ட் லிதியம் எண்டால் 13.3 வோல்ட் கிட்ட நிக்கும், ஈயம் எண்டால் 12.6, 12.8, கூடினாலும் 13க்கு மேல நிக்காது. ஸ்டிக்கர் பொய் சொல்லும், அந்த எண் சொல்லாது. அதோட ஓட்டியும் பாருங்க, எங்கட கூரை ஃபேன் முழு ஸ்பீட்ல 3 அம்பியர் இழுக்கும், பெற்றரி 200 அம்பியர்-அவர் எண்டால் அது மட்டும் ரெண்டு நாளுக்கு மேல ஓடோணும். எங்களுக்கு ஒரு காலமை கூடத் தாங்கேல்ல.

வேற வேலையளும் இதே லட்சணம்தான். ஜன்னலுக்கு ஸ்டெயின்லஸ் கம்பி வலை எண்டு கதைச்சது, பூட்டினது நுளம்பு வலை, பேபி நகத்தால ஒரே இழுவையில கிழிச்சுப்போட்டாள். கூரைக்குள்ள சூடு தாங்கிற சீற் எண்டது கழட்டிப் பார்த்தால் டீவிப் பெட்டிக்குள்ள வாற ரெஜிபோம், துண்டு துண்டா.

கராஜ்காரரிட்டக் கேக்கப் போனம். பூனை வயரைக் கடிச்சிருக்கும் எண்டார். வயர் முழுக்கக் குழாய்க்குள்ள போகுது எண்டு படத்தைக் காட்டினால் நீங்கள் வேற எங்கயோ மாத்தியிருக்கிறீங்கள் எண்டார். எங்களிட்ட இருந்தது அட்டைத் துண்டில பேனையால எழுதின கணக்கு ஒண்டு, அவற்ற கையெழுத்துதான், அதோட பாங்கில போட்ட சிலிப், வட்ஸப் வொய்ஸ். ஒண்டையும் அழிக்காமல் வச்சிருந்தது நல்லதாப் போச்சு. பில் கேட்டால் குடுக்கத்தான் வேணும், அது சட்டம், எங்கட ஊரில தான் பில் கேட்டால் முகத்தைத் திருப்புவாங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்டு அடிச்சுக் கதைக்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில குடுக்கோணும், அதுவும் வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள, கராஜ்காரர் வாற கிழமை வாங்க வாற கிழமை வாங்க எண்டு இழுக்கிறது இந்த நாளை ஓட்டத்தான். நாங்கள் எழுதிக் குடுத்தாச்சு, படங்களும் வச்சு. என்ன முடிவு வருது எண்டு தெரிஞ்ச உடன இதுக்குக் கீழ போடுறன்.

புதுப் பெற்றரி மச்சான்தான் பூட்டினவன், கட்டிலுக்குக் கீழ இல்ல, பின் கதவுப் பக்கம் காத்தோட்டமா. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஆருக்கும் பெற்றரியில சந்தேகம் எண்டால் சொல்லுங்க, மீற்றர் என்னட்ட இருக்கு, கொண்டு வாறன்.